மாற்றிப் போட்ட கேம் ஷாஃப்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

ஸ்பேர் கடையில் கேட்டால் "அம்பதாயிரம் ஓடும் சார்" என்பார்கள். பக்கத்துக் கடையில் இன்னும் பத்தாயிரம் கூட்டிச் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. வெளிச் சந்தையில் வாங்கிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) பெரும்பாலும் இரண்டில் ஒரு விதமாகத்தான் முடியும். உலோகமோ பொருத்திய விதமோ தப்பாக இருந்தால் முதல் 2,000 கிலோமீட்டருக்குள் மூக்கு, அதாவது கேம் மேட்டின் உச்சி, மழுங்கிவிடும். அந்த வாசலைத் தாண்டிவிட்டால், ஆயில் ஒழுங்காக இருக்கும்வரை எஞ்சினோடு சேர்ந்தே கிடக்கும். 20,000-ல், 30,000-ல் "வயசாகி" போன கேம் என்று கழற்றி வைக்கிறார்களே, அதில் பெரும்பாலானவை ஆயில் கிடைக்காமல் போனவை.

இங்கே சொல்வது ஸ்ப்ளெண்டர், பேஷன் வகை 100 சிசி எஞ்சினை மனதில் வைத்து. சிலிண்டர் ஹெட்டில் ஒரே கேம், அதன்மேல் ராக்கர் ஆர்மின் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) முகம் சறுக்கிக்கொண்டு போகும் அமைப்பு. கேம் தேய்மானத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆர்எக்ஸ் 100, பழைய யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. பழைய டூ ஸ்ட்ரோக்கில் ஏது கேம்!

கேம், கிராங்கின் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) பாதி வேகத்தில் சுற்றும். எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு லோபும் (கேமில் உள்ள மேடு) நிமிடத்துக்கு 2,000 தடவை ராக்கரைத் தூக்குகிறது. சராசரியாக மணிக்கு 40 கிமீ என்று வைத்தால் 10,000 கிலோமீட்டர் என்பது 250 மணி நேரம். அதாவது 3 கோடித் தடவை. அதுவும் விரல் நகத்துக்கும் சின்னதான ஒரு கோட்டில், வால்வ் ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தோடு. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டும்.

பலர் தலைகீழாக நினைக்கும் விஷயம் ஒன்று: மூக்குக்குக் கஷ்டம் அதிகம் ஐடிலிங்கில்தான். வேகமாகச் சுற்றும்போது, மூக்கைத் தாண்டும் ராக்கரும் வால்வும் தன் வேகத்திலேயே மேலே போகப் பார்க்கும். அதனால் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு பங்கு கேமில் விழாது. மெதுவாகச் சுற்றும்போது முழு அழுத்தமும் மூக்கில்தான். மேலே எறியப்படும் ஆயிலும் அப்போது குறைவு. புது கேம் போட்டதும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அரை மணி நேரம் ஐடிலிங்கில் விடும் பழக்கம் ஏன் கெடுதல் என்பது இதிலிருந்தே புரியும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது

சின்ன வண்டிகளின் கேம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. வார்க்கும்போதே லோப் வரும் இடத்தில் மட்டும் குளிர்ந்த உலோகத் துண்டை வைத்துச் சட்டென்று ஆறவிடுவார்கள். அந்த இடம் கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும், தண்டு சாதாரண இரும்பாகவே இருக்கும். இல்லையென்றால் வார்த்து முடித்த பிறகு லோபுக்கு மட்டும் சூடு கொடுத்துப் பதம் ஏற்றுவார்கள். மலிவு கேமில் தப்பு நடப்பது இந்த இடத்தில்தான்: பதம் ஏறவே இல்லை, அல்லது மேலாக ஏறி, சாணை பிடிக்கும்போது அந்தப் படலமே போய்விட்டது. பளபளப்பை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பாலிஷ் போட்டால் எதுவும் பளபளக்கும்.

கையில் ஒரு புது மெல்லிய அரம் இருந்தால் சோதிக்கலாம். ராக்கர் உரசாத இடத்தில், லோபின் பக்கவாட்டு விளிம்பில் ஒரே இழுப்பு. நல்ல கேமில் அரம் வழுக்கும், லேசாகக் கோடு விழலாம். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் பிடித்துத் தூள் வாரிக்கொண்டு வந்தால் அதை எஞ்சினில் போடாதீர்கள். கடையிலேயே அரத்தை எடுத்தால் சண்டை வரும்; மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்டுவிட்டு வாங்கி, வீட்டில் பாருங்கள்.

லோப் கறுப்பாக, சாம்பல் பூத்தது மாதிரி இருந்தால் பயம் வேண்டாம். அது பாஸ்பேட் பூச்சு. பொடித் துளைகளில் ஆயிலைப் பிடித்து வைத்து, முதல் சில நிமிடங்களில் காப்பாற்றும். அழுக்கு என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்து வெளுப்பாக்கிப் போடுவதைப் பல ஒர்க்‌ஷாப்பில் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பைச் சுரண்டி எறிகிற வேலை அது.

பிறகு அளவு. பழைய கேமையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஸ்ப்ராக்கெட் போல்ட் துளை, பேரிங் உட்காரும் இடம், மொத்த நீளம் மூன்றையும் வெர்னியரில் ஒப்பிடுங்கள். இரண்டு வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் கொடுத்துச் சுற்றினால் ஆட்டம் 0.05 மிமீ-க்குள் இருக்கவேண்டும். ஆயில் துளை இருந்தால் ஊதிப் பாருங்கள், துளை ஓரத்தில் பிசிர் இருக்கக்கூடாது. ரோலர் ராக்கர் எஞ்சினின் கேமையும் சறுக்கு ராக்கர் எஞ்சினின் கேமையும், உட்காருகிறதே என்று மாற்றிப் போடக்கூடாது. லோபின் வடிவமே வேறு.

சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஒரிஜினல் கேமை அலட்சியமாக ஒதுக்கவேண்டியதில்லை. மூக்கில் குழி இல்லாமல், உயரம் அளவுக்குள் இருக்கும் பழைய கம்பெனி கேம், பெயர் தெரியாத புது கேமைவிட மேல். ஆனால் அதன் ஜோடி ராக்கரும் சேர்ந்து கிடைக்கவேண்டும்.

புது கேமுக்குப் பழைய ராக்கர் வேண்டாம்

முதல் 2,000-க்குள் போகும் கேம்களில் முதல் சந்தேகம் இங்கேதான். தேய்ந்த ராக்கரின் முகத்தில் பழைய லோபின் அகலத்துக்கு ஒரு பள்ளமும் இரு ஓரத்தில் கரையும் விழுந்திருக்கும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். புது லோப் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது, கரையின்மேல் ஏறி ஓடும். அகலமான கோட்டில் பரவவேண்டிய அழுத்தம் இரண்டு முனையில் மட்டும் விழும். ஆயில் படலம் அங்கே கிழிந்து, லோப் ஓரத்தில் சுரண்டல் ஆரம்பித்து நடுவுக்குப் பரவும். ராக்கர் செட்டுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்தால் கேமுக்கும் சேர்த்து இரண்டாம் தடவை செலவாகும். ராக்கர் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருந்தால் அதையும், முனை குழிந்த டாப்பெட் ஸ்க்ரூவையும் (ராக்கரின் மறுமுனையில் வால்வைத் தொடும் திருகு) கூடவே மாற்றுங்கள்.

ஆயில் மேலே ஏறுகிறதா

கேமைக் கழற்றியதும் லோபில் சொரசொரப்பும் நீலம் பூத்த நிறமும் இருந்தால், புதியதைப் போடுவதற்கு முன் ஆயில் பாதையைத் தேடுங்கள். நீலம் என்றால் சூடு, அங்கே ஆயில் வரவில்லை. காரணத்தை விட்டுவிட்டு கேமை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

கீழே பம்ப்பிலிருந்து கிளம்பும் ஆயில், சிலிண்டர் பிளாக்கின் ஓரமாக ஒரு குறுகிய துளை வழியே ஹெட்டுக்கு ஏறுகிறது. இதை அடைக்கும் முதல் குற்றவாளி கேஸ்கட் பேஸ்ட். கவர் மூடும்போது ஓரமெல்லாம் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்குவார்கள். வெளியே வழிந்ததைத் துடைத்துவிடலாம், உள்ளே வழிந்தது கண்ணுக்குத் தெரியாது. காய்ந்ததும் அது ரப்பர் நூல்போல் பிய்ந்து ஆயிலில் மிதந்து, கீழே ஸ்ட்ரெய்னர் வலையில் ஒட்டும். அல்லது மேலே ஏறும் துளையில் போய் உட்காரும். வலையைக் கழற்றினால் சேமியாத் துண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். காகித கேஸ்கட் உள்ள இடத்தில் பேஸ்ட்டே தேவையில்லை. வேண்டுமென்றால் நெருப்புக்குச்சி முனையில் எடுக்கும் அளவு போதும்.

இரண்டாவது, மையவிலக்கு ஃபில்டர். இந்த எஞ்சின்களில் கிராங்க் முனையில் சுற்றும் ஒரு கிண்ணம்தான் ஃபில்டர். அழுக்கெல்லாம் கறுப்புக் களிமண்ணாக அதன் சுவரில் படியும். ஆயில் மாற்றினால் அது வெளியே வராது, கிளட்ச் கவரைக் கழற்றிச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். கேம் வேலைக்குப் பிரித்த எஞ்சினில் ஸ்ட்ரெய்னரையும் இந்தக் கிண்ணத்தையும் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். பழைய கேமிலிருந்து தேய்ந்த இரும்புத் தூள் எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

ஆயில் அளவைப் பார்ப்பதிலும் தப்பு நடக்கிறது. ஒரு லிட்டர் சொச்சமே பிடிக்கும் எஞ்சினில் 300 மில்லி குறைந்தாலே கால் பங்குக்கும் மேல் போயிற்று. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சமதரையில், டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மரை திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பார்க்கவேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அளவு தானாகக் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள்: மோந்து பாருங்கள். கார்புரேட்டர் மிதவை ஊசி ஒழுகினால் பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும். மழை வெள்ளத்தில் நின்ற வண்டியில் ஆயில் பால் டீ நிறத்துக்கு வந்திருந்தால் ஒரு கிக் கூட அடிக்காமல் மாற்றவேண்டும்.

எந்த ஆயில்? கேன் பின்புறம் ஜாசோ (ஜப்பானிய தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கவேண்டும். உலோகத்தோடு உலோகம் தொடும் இடத்தில் காப்பது ஆயிலில் கலந்த ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்க்கை. ஜாசோ தரத்தில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதம் வரை இருக்கவேண்டும் என்பது விதி. இப்போதைய பெட்ரோல் கார் ஆயில்களில், 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய கிரேடுகளில், புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி மாற்றி கெடாமலிருக்க 0.08-க்கு மேல் போகவிடுவதில்லை. பைக்குக்கு அடிமட்டமாக இருப்பது காருக்கு உச்சவரம்பு. வீட்டில் மிச்சமிருக்கும் கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேமுக்கும் அது நல்லதில்லை.

பொருத்தும் முறை

இடது பக்க மூடியைத் திறந்து ஃப்ளைவீலில் "டி" கோட்டை கேஸில் உள்ள குறியோடு சேர்த்து, இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். ராக்கர் இறுக்கமாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று. செயினை இறுக்கும் டென்ஷனரைத் தளர்த்தி ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும்போது கேம் செயினை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், உள்ளே விழுந்தால் அரை நாள் வேலை. டாப்பெட் ஸ்க்ரூவை முழுதும் தளர்த்திய பிறகே ராக்கர் ஷாஃப்ட்டை உருவவேண்டும். ஷாஃப்ட் முனையில் மரை இருக்கும். பொருத்தமான போல்ட்டைத் திருகி இழுத்தால் வரும், சுத்தியல் தேவையில்லை.

கேம் பேரிங்கை மாற்றுவதானால் உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுத்து ஏற்றுங்கள். வெளி வளையத்தில் தட்டினால் குண்டுகள் பாதையில் தழும்பு விடும், இரண்டு மாதத்தில் "கர்ர்" என்று சத்தம் வரும். அதை கேம் சத்தம் என்று சொல்லி மறுபடி கேம் மாற்றச் சொல்வார்கள்.

லோபிலும் ராக்கர் முகத்திலும் மாலிப்டினம் கலந்த பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். கையில் பசை இல்லாவிட்டால் மாலி கிரீஸும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து தடவலாம். கத்தரிக்காய்க்கு மசாலா அடைப்பதுபோல் அப்பவேண்டாம். ஈர கிளட்ச் உள்ள எஞ்சின், மிச்சமெல்லாம் அங்கேதான் போகும். பேரிங்குக்கு வெறும் எஞ்சின் ஆயில் போதும்.

ஸ்ப்ராக்கெட்டில் உள்ள "ஓ" குறி ஹெட்டின் வெட்டோடு நேராக வரவேண்டும், அதே நேரம் ஃப்ளைவீலில் "டி" நகர்ந்திருக்கக்கூடாது. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், இழுக்காது. டென்ஷனரை இறுக்கிய பிறகு கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி மறுபடி பாருங்கள். டாப்பெட் இடைவெளி (ஸ்க்ரூவுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ளது) பழைய ஸ்ப்ளெண்டர் எஞ்சினில் இரண்டு வால்வுக்கும் 0.05 மிமீ, எஞ்சின் ஆறியிருக்கும்போது. வேறு வண்டிக்கு அதன் மேனுவலைப் பாருங்கள். சத்தம் வரக்கூடாது என்று இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் வால்வ் முழுதாக மூடாமல் கருகும். அதிகம் விட்டால், லோபில் மெதுவாக ஏறுவதற்கென்று வைத்த சரிவைத் தாண்டி ராக்கர் நேராக மேட்டில் மோதும், ஒவ்வொரு சுற்றிலும்.

முதல் அரை மணி

பிளக்கைக் கழற்றி, இக்னிஷனை அணைத்து, டாப்பெட் மூடி ஒன்றைத் திறந்து வைத்து 30, 40 தடவை கிக் செய்யுங்கள். ராக்கர் பக்கம் ஆயில் நனைந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பிளக்கைப் போடவேண்டும். நனையவில்லையென்றால் பாதை அடைத்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், முதல் கிக்கிலேயே பிடிக்கவேண்டும். பிடித்ததும் 2,500-லிருந்து 3,000 ஆர்பிஎம்முக்குள் ஏற்றி இறக்கி 10, 15 நிமிடம் ஓட்டுங்கள். காற்றால் ஆறும் எஞ்சின் என்பதால் எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேனை வையுங்கள். அதைவிட நல்லது உடனே எடுத்துக்கொண்டு காலியான சாலையில் மிதமாக ஓட்டுவது. சிக்னலில் நிற்கும் ஊருக்குள் வேண்டாம்.

300 முதல் 500 கிமீ-க்குள் ஆயிலை இறக்கிவிடுங்கள். சூடாக இருக்கும்போது ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து, காந்தத்தை பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி அலசுங்கள். மெல்லிய கறுப்புப் பசை ஒட்டினால் சாதாரணம். ஊசி, செதில் போல் பளபளத்து ஒட்டினால் கேமையோ ராக்கரையோ எஞ்சின் தின்கிறது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு அலுமினியம். கேம் நேராக ஹெட்டிலேயே சுற்றும் வண்டிகளில் அந்தத் துளை தேய்வதன் அடையாளம்.

தேய்கிறதா என்று எப்படித் தெரியும்

டாப்பெட் இடைவெளியை 500, 1,000, 2,000 கிமீ-யில் அளந்து எழுதி வையுங்கள். வால்வ் இருக்கை தேய்ந்தால் இடைவெளி குறையும். ராக்கர் முகமோ ஸ்க்ரூ முனையோ தேய்ந்தால் கூடும். ஒவ்வொரு தடவையும் சரி செய்து, அடுத்த தடவை மறுபடி கூடியிருந்தால் எங்கோ மெத்தென்ற உலோகம் இருக்கிறது.

ஆனால் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மட்டும் நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இடைவெளியை அளப்பது லோபின் அடி வட்டத்தில், அதாவது மேடு இல்லாத பக்கத்தில். மூக்கு மட்டும் மழுங்கினால் அடி வட்டம் அப்படியே இருக்கும், கேஜ் சரியாகவே காட்டும், சத்தமும் பெரிதாக வராது. வண்டி மட்டும் மேலே இழுக்காது. "டாப்பெட் பர்ஃபெக்ட் சார், கார்புரேட்டர்தான்" என்று வேறு எங்கோ போய்விடுவார்கள். சைலன்சர் பக்க லோப் மழுங்கினால் எரிந்த புகை முழுதாக வெளியேறாமல், கார்புரேட்டர் வழியாக "பட் பட்" என்று திருப்பி அடிக்கும். இன்டேக் லோபைவிட இது சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வ், சிலிண்டரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் எதிர்த்துத் திறக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே மைக்ரோமீட்டர். கேமைப் போடுவதற்கு முன்பே இரண்டு லோபையும் மூக்கிலிருந்து அடிவரை ஒரு தடவை, அதற்குக் குறுக்கே ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் ஏறக்குறைய லோபின் தூக்கு கிடைக்கும். பிற்பாடு சந்தேகம் வந்தால் பிரிக்காமலே, டாப்பெட் துளை வழியாக டயல் கேஜ் முனையை ஸ்க்ரூ தலையில் வைத்து கிராங்கைச் சுற்றி வால்வ் எவ்வளவு இறங்குகிறது என்று ஒப்பிடலாம். எஞ்சின் மேனுவல்கள் மூக்கு உயரத்தில் அனுமதிக்கும் தேய்மானம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். பதம் ஏறிய படலம் கிழிந்துவிட்டால் பிறகு மாதக் கணக்கு கிடையாது, நாள் கணக்கு.

ரேசிங் கேம், புல்லட், வெல்டிங்

அதிகத் தூக்கு கொண்ட கேம் குறைவாகவே உழைக்கும், அதைத் தெரிந்தே வாங்கவேண்டும். சரிவு செங்குத்து, கூடவே கெட்டியான ஸ்பிரிங், இரண்டும் சேர்ந்து லோபை அரைக்கும். வால்வ் முழுதாகத் திறந்த நிலையிலும் ஸ்பிரிங் சுற்றுகள் முழுக்க ஒட்டிக்கொள்ள இன்னும் 1 மிமீ-யாவது மிச்சம் வேண்டும். பிஸ்டன் தலையில் களிமண் உருண்டை வைத்து ஹெட்டை மூடிச் சுற்றி, பிறகு அமுங்கிய களிமண்ணை வெட்டி அளந்து பாருங்கள். இன்டேக் பக்கம் 2 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மிமீ-க்குக் குறையக்கூடாது. தினம் வேலைக்குப் போகும் வண்டிக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லை.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கேம் இரண்டு, டைமிங் பக்கம் பல்சக்கரங்களோடு. அங்கே டாப்பெட்டை எஞ்சின் ஆறியிருக்கும்போது சரி செய்யவேண்டும்: புஷ் ராடை (டாப்பெட்டிலிருந்து ராக்கருக்குத் தள்ளும் கம்பி) விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்றவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கேமை மாற்றினால் டாப்பெட்டின் (இந்த எஞ்சினில் கேம்மேல் உட்காரும் துண்டு) அடி முகத்தையும் பாருங்கள், நடுவில் குழி இருந்தால் அதுவும் மாறவேண்டும். 2009-க்குப் பின் வந்த ஹைட்ராலிக் டாப்பெட் (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரி செய்வது) எஞ்சினில் கையால் சரி செய்ய ஒன்றுமில்லை, ஆயில் சுத்தம் மட்டுமே.

தேய்ந்த மூக்கில் வெல்டிங் போட்டு லேத்தில் சாணை பிடித்துத் தருகிறவர்கள் உண்டு. ஸ்பேரே கிடைக்காத பழைய எஞ்சினுக்கு வேறு வழியில்லை. அப்போது கடினப் பூச்சுக் கம்பி போட்டு, மாதிரி கேமை வைத்து வடிவம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கையால் கிரைண்டர் பிடித்து உருட்டித் தருபவரிடம் வேண்டாம். வெல்டிங் இல்லாமல் சாணை மட்டும் பிடித்து வடிவம் எடுத்தால் அடி வட்டம் சின்னதாகும், பதம் ஏறிய படலம் பாதி போகும், டாப்பெட் ஸ்க்ரூ கடைசி மரைவரை இறங்கவேண்டியிருக்கும். ஸ்ப்ளெண்டருக்கு இதைச் செய்வதில் அர்த்தமில்லை, புது கேமும் ராக்கரும் எந்த ஊரிலும் கிடைக்கும்.